தலைப்பில்லை, தேதியில்லை, விலை உண்டு

ஏலக் கேட்டலாகில் ஓர் ஓவியத்துக்குக் கிடைக்கும் இடம் மிகக் கொஞ்சம். கலைஞரின் பெயர், பிறந்த வருடம், இறந்த வருடம், படைப்பின் தலைப்பு, ஊடகம், அங்குலத்தில் நீள அகலம், யாரிடமிருந்து வந்தது, எந்தெந்தக் கண்காட்சியில் இருந்தது, கடைசியாக மதிப்பீட்டுத் தொகை. ஆறேழு வரியில் முடிந்துவிடும். நஸ்ரீன் மொஹமெதியின் கோட்டோவியம் ஒன்று ஏலத்துக்கு வரும்போது இந்த ஆறேழு வரிகளில் பாதி ஒன்றும் சொல்லாது. தலைப்பு என்ற இடத்தில் ‘தலைப்பிடப்படாதது’ என்றிருக்கும். ஊடகம், காகிதத்தில் மையும் பென்சிலும். வருடத்துக்குப் பதில் ‘சுமார்’ என்ற சொல்லோடு ஓர் ஊகம், அல்லது அதுவும் கிடையாது. அவருடைய முதிர்ந்த காலத்துப் படைப்புகளில் மிகப் பலவற்றுக்கு இதே விவரம்தான். இரண்டு ஓவியங்களைப் பிரித்துச் சொல்ல வேண்டுமென்றால் ஏலக்காரர்கள் கொடுக்கும் லாட் எண்தான் கதி. தலைப்பு வைக்க மறுத்த ஒருவருக்கு சந்தை கடைசியில் ஓர் எண்ணைத் தலைப்பாக வைத்துவிடுகிறது.

நஸ்ரீனைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1937இல் கராச்சியில் பிறந்தவர், பம்பாயில் வளர்ந்தவர். ஐம்பதுகளில் லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸில் படித்தார், அறுபதுகளின் தொடக்கத்தில் பாரிஸில் இருந்தார். பம்பாயில் புலாபாய் தேசாய் நிறுவனத்தின் ஸ்டுடியோக்களில் வி.எஸ். கெய்தொண்டேவுக்கு அருகில் இருந்து வேலை செய்தார். 1972இலிருந்து பரோடா எம்.எஸ். பல்கலைக்கழக நுண்கலைத் துறையில் ஆசிரியர். 1990இல், மும்பைக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கும் கிஹிம் என்ற ஊரில் இறந்தார். வயது 53. வாழ்ந்தபோது அவர் பெயர் ஓவியர்களுக்கும் மாணவர்களுக்கும் தெரியும், அவ்வளவுதான். 2007இல் ஜெர்மனியின் காசெல் நகரில் நடந்த டாக்குமெண்டா 12, 2013இல் டெல்லி கிரண் நாடார் அருங்காட்சியகம், 2015இல் மாட்ரிட் ரெய்னா சோபியா, 2016இல் நியூயார்க்கில் மெட் ப்ராயர் கட்டடத்தைத் திறந்தபோதே அவருடைய பின்னோக்குக் கண்காட்சி. இதெல்லாம் அவர் போய் பல வருடம் கழித்து நடந்தவை. அதன் பிறகு ஏலங்களில் அவர் பெயர் வருவது சாதாரணமாகிவிட்டது.

அலுவலக வேலையாக மும்பை போனபோது ஓர் ஏலத்தின் முன்காட்சியில் அப்படியொரு கோட்டோவியத்தைப் பார்த்தேன். முன்காட்சிக்கு யார் வேண்டுமானாலும் போகலாம், காசு கிடையாது, வாங்குகிற முகமா என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள். இது பலருக்குத் தெரியாததால் சொல்லி வைக்கிறேன். பெரிய எண்ணெய் ஓவியங்கள் நடு ஹாலில் ஸ்பாட் லைட் போட்டு நின்றுகொண்டிருந்தன. காகித வேலைகள் எல்லாம் உள்ளே, வெளிச்சம் குறைந்த ஓர் ஓரச் சுவரில். நஸ்ரீனுடையது கிட்டத்தட்ட 19க்கு 24 அங்குலம். அவருடைய எழுபதுகளின் தாள்கள் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கும். மேசைமேல் குனிந்து வேலை செய்கிற ஒருவரின் கை எட்டும் அளவு.

மூன்றடி தூரத்தில் அது ஒரு சாம்பல் நிறப் பரப்பு. பாத்திரம் துலக்கிய தண்ணீர் காய்ந்த தரை மாதிரி ஓர் அழுக்குச் சாம்பல், நடுவில் கொஞ்சம் அடர்த்தி, ஓரங்களில் மங்கல். ஓரடிக்கு வந்தால் அது கோடுகள் ஆகிறது. இடமிருந்து வலமாக, ஒரு மில்லிமீட்டரோ ஒன்றரை மில்லிமீட்டரோ இடைவெளியில் நூற்றுக்கணக்கான படுக்கைக் கோடுகள். அவற்றை வெட்டிக்கொண்டு சில இடங்களில் மட்டும் செங்குத்துக் கோடுகள். இன்னும் நெருங்கினால் (கண்ணாடிச் சட்டத்தில் மூக்கு இடிக்கும் தூரம்) கோடுகளில் பாதி மையே இல்லை, பென்சில் என்று தெரிகிறது. மைக்கோட்டின் அடியில் அதற்கான வழிகாட்டிப் பென்சில் கோடு இருக்கும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். இங்கே அப்படியில்லை. பென்சில் தனக்கென்று ஓர் இடத்தில் ஓடுகிறது, மை தனக்கென்று. மை நின்ற இடத்திலிருந்து பென்சில் எடுத்துப் போகிறது, நான்கு விரற்கடை போய் அதுவும் நின்றுவிடுகிறது. எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிற கோடு அதைச் சந்திக்கவில்லை, ஒரு நூலிழை தள்ளிப் போகிறது. அந்தச் சின்ன விலகல் ஐம்பது அறுபது வரிசைகளில் அடுக்கடுக்காக நிகழ்ந்ததால்தான் தூரத்திலிருந்து பார்த்தபோது அந்த இடத்தில் வெளிச்சம் அடித்த மாதிரி இருந்தது.

தாளில் வெளிச்சம் என்று எதுவும் வரையப்படவில்லை. இடைவெளிகள் கொஞ்சம் கூடியிருக்கின்றன, அவ்வளவே. இருபது நிமிடம் நின்றேன். அதில் பத்து நிமிடம், கோடுகள் எந்த விதிப்படி நிற்கின்றன என்று கண்டுபிடிக்கப் பார்த்தேன். மூன்றுக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று என்று ஏதோ ஒரு ஒழுங்கு கையில் சிக்குவது போலிருக்கும், பத்து வரிசை தாண்டியதும் நழுவிவிடும். தொழில் புத்தி, வேறென்ன.

ஊருக்கு வந்து அதே ஓவியத்தை ஏல நிறுவனத்தின் பக்கத்தில் தேடி எடுத்தேன். போன் திரையில் தெரிந்தது வேறு ஓவியம். சாம்பல் பரப்பின் மேல் பட்டுச்சேலையில் வெயில் பட்டால் வரும் அலை அலையான வளைவுகள். நான் பார்த்த தாளில் ஒரு வளைவுகூடக் கிடையாது. இதற்குப் பெயர் மோயர். டிவியில் செய்தி வாசிப்பவர் பொடிக்கோடு போட்ட சட்டை அணிந்து வந்தால் சட்டை நெளியுமே, அதேதான். கணக்கு எளிது. 24 அங்குலம் என்றால் கிட்டத்தட்ட 610 மில்லிமீட்டர். மில்லிமீட்டருக்கு ஒரு கோடு இருந்தால், ஒவ்வொரு கோட்டுக்கும் அதையடுத்த வெள்ளைக்கும் சேர்த்துக் குறைந்தது இரண்டு பிக்சல் வேண்டும். அப்படியானால் 1220 பிக்சல், அதுவும் வெறும் தேர்ச்சி மதிப்பெண்தான். ஏலப் பக்கத்தின் பட்டியலில் வரும் சின்னப் படத்தில் முந்நூறு பிக்சல்தான் இருக்கும். அதில் அடங்காத கோடுகள் சும்மா மறைந்துபோவதில்லை. இல்லாத வடிவங்களாகத் திரும்பி வருகின்றன. அதற்கு மேல் ஜேபெக் சுருக்கம் வேறு. கூர்மையான கறுப்பு வெள்ளை விளிம்புகள்தான் ஜேபெக்குக்கு ஜென்ம விரோதி. ஒவ்வொரு கோட்டையும் சுற்றி ஒரு புகைமூட்டத்தைக் கிளப்பிவிடும்.

இதைத் தொழில்நுட்பக் குறை என்று ஒதுக்கிவிட முடியாது என்று நினைக்கிறேன். இன்று நமக்கு ஓவியம் என்பது முதலில் இந்தச் சின்னப் படம்தான். இன்ஸ்டாவில், வாட்ஸப்பில், கட்டுரையின் முகப்பில். ஹுசேனின் குதிரையை முந்நூறு பிக்சலில் பார்த்தாலும் குதிரை என்று தெரியும். சௌஸாவின் மைக்கோட்டுத் தலைகளும் தப்பித்துவிடும், அந்தத் தடித்த குறுக்குக் கோடுகளுக்கு அவ்வளவு உடம்பு இருக்கிறது. நஸ்ரீன் தப்ப மாட்டார். அவருடைய படைப்பில் பொருள் முழுக்க அந்த ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கிறது. அதைச் சுருக்கினால் சாரம் மிஞ்சும் என்று சொல்ல வழியே இல்லை. அவரைப் பற்றித் தெரிந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நம்மில் முக்கால்வாசிப் பேர் மோயரைத்தான் ரசித்துக்கொண்டிருக்கிறோம்.

முன்காட்சிப் படத்தைக் கல்லூரி நண்பன் ஒருவனுக்கு அனுப்பி, மதிப்பீட்டுத் தொகையையும் சொன்னேன். பதில் உடனே வந்தது. “மச்சான், இதை ஆட்டோகேட்ல ரெண்டு நிமிஷத்துல போட்டுரலாம்டா. இதுக்கா இத்தன லட்சம்?”

இந்தக் கேள்விக்கு நவீன ஓவிய ஆர்வலர்கள் வழக்கமாகச் சிரித்து விடுவார்கள். எனக்கு அப்படிச் சிரிக்க மனசு வரவில்லை. நானும் அவனும் ஒரே ஹாலில் டிராஃப்டரைப் பொருத்திக்கொண்டு முதல் வருட எஞ்சினியரிங் டிராயிங் போட்டவர்கள். கோடு என்றால் என்ன என்று யாராவது எங்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தால் அது அங்கேதான். கண்ணுக்குத் தெரியும் விளிம்புக்குத் தடித்த தொடர்கோடு. அளவு குறிக்க மெல்லிய கோடு. பின்னால் மறைந்திருக்கும் விளிம்புக்கு விட்டுவிட்டு வரும் சின்னக் கோடுகள். மைய அச்சுக்கு நீளமும் குட்டையுமாக மாறி மாறி வரும் கோடு. எந்தக் கோடும் தன்னைச் சொல்வதில்லை. இரும்பில் வெட்டப்படப் போகிற ஒரு பொருளைச் சொல்கிறது. பொருள் வந்துவிட்டால் தாளைத் தூக்கிப் போடலாம். வாத்தியார் திருத்தும்போது ‘அழகா இருக்கா’ என்று ஒருநாளும் பார்த்ததில்லை, ‘இதை வச்சு ஒருத்தன் செய்ய முடியுமா’ என்றுதான் பார்ப்பார்.

நஸ்ரீன் பயன்படுத்தியதும் அதே மாதிரிக் கருவிகள்தான். கட்டடம் வரைபவர்களின் மேசை, அளவுகோல், துல்லியமான வரைபேனாக்கள். அந்தக் காலத்து ரூலிங் பேனாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் நிப்பே கிடையாது. இரண்டு எஃகுத் தகடுகள், அவற்றின் இடைவெளியைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. இடையில் ஒரு சொட்டு மை, மேற்பரப்பு இழுவிசையால் மட்டும் தொங்கிக்கொண்டு நிற்கும். மை கூடினால் தொட்ட இடத்தில் குண்டு விழும். குறைந்தால் நடுவழியில் கோடு வறண்டுபோகும். அளவுகோலின் சரிந்த பக்கம் கீழே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மை அடியில் புகுந்து தாள் பாழ். ஆக, முந்நூறாவது கோட்டில் தவறினால் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதும் போச்சு. கன்ட்ரோல் இசட் கிடையாது.

ஆனால் உழைப்பைக் காட்டி நண்பனுக்குப் பதில் சொல்வது எனக்கு உவப்பில்லை. கஷ்டப்பட்டு வரைந்ததால் ஒரு படம் நல்ல படமாகாது. அரிசியில் பெயர் எழுதுகிறவரும் கஷ்டப்படத்தான் செய்கிறார். இன்னொரு வழக்கமான பதிலும் உண்டு. ‘கையால் போட்ட கோட்டில் மனித நடுக்கம் இருக்கும், மெஷினுக்கு அது வராது’ என்பது. நஸ்ரீன் விஷயத்தில் இது பச்சைப் பொய். அவருடைய கோடுகள் நடுங்குவதில்லை. ஈரம், மூச்சு, இதயத்துடிப்பு என்றெல்லாம் கவித்துவமாக எழுதுகிறவர்கள் அசலைப் பார்க்காமல் எழுதுகிறார்கள் என்றே சந்தேகப்படுவேன். மெஷின் அளவுக்கு நேராக வரையத்தான் அவர் விரும்பினார், வரையவும் செய்தார்.

நண்பன் சொன்னதில் பாதி சரி. கோடு போடுவது ஒரு ஃபார் லூப். தொடக்கப் புள்ளி, முடிவுப் புள்ளி, இடைவெளி. மூன்று எண் கொடுத்தால் கணினி வரைந்துவிடும். ஆனால் முடிவுப் புள்ளியை யார் கொடுப்பது? நான் பார்த்த தாளில் ஒவ்வொரு கோடும் வேறு வேறு இடத்தில் நிற்கிறது. எங்கே நிற்பது என்பதற்கு விதி இல்லை, ஆனால் தற்செயலும் இல்லை. தற்செயல் எண்களை வைத்து நான் போட்டே பார்த்தேன், ஒரு சனிக்கிழமை மதியம் முழுக்க. மழை பெய்வது போல் ஏதோ ஒன்று வந்தது. கெட்டுப்போன டிவியின் பொறி மாதிரி. கணக்கான விதி வைத்துப் போட்டால் லுங்கித் துணி மாதிரி வந்தது. அவர் இரண்டுக்கும் நடுவில் எங்கோ, ஒவ்வொரு கோட்டுக்கும் தனித்தனியாக முடிவெடுத்திருக்கிறார். அந்த நிரலை எழுத வேண்டுமென்றால் சுருக்கமாக எழுதவே முடியாது, எல்லாக் கோட்டையும் வரிசையாக எழுதித் தர வேண்டும். அதாவது அந்த ஓவியத்தின் மிகச் சுருக்கமான விவரணை அந்த ஓவியமே. நண்பனிடம் இதைச் சொன்னபோது “சரிடா, அப்ப அந்த ரெண்டு நிமிஷத்தை வாபஸ் வாங்கிக்கறேன். லட்சத்தை வாங்கமாட்டேன்” என்றான். நியாயம்தான், லட்சம் வேறு கதை.

ஏல நிறுவனங்கள் முக்கியமான லாட்டுகளுக்கு ஒரு பக்கக் கட்டுரை எழுதி வெளியிடுகின்றன. இவற்றை விளம்பரம் என்று நாம் படிக்காமல் விட்டுவிடுகிறோம், தப்பு. இந்திய நவீன ஓவியத்தைப் பற்றிச் சாதாரண வாசகர் இலவசமாகப் படிக்கக் கிடைக்கிற எழுத்தில் கணிசமான பங்கு இதுதான். ஆய்வாளர்களையே எழுத வைக்கிறார்கள், தகவல்கள் பெரும்பாலும் திருத்தமாக இருக்கும். பிரச்சினை தொனியில். நஸ்ரீன் என்றால் இரண்டு விஷயம் தவறாமல் வரும். ஒன்று, ஆக்னஸ் மார்ட்டின். இன்னொன்று, நோய்.

ஆக்னஸ் மார்ட்டின் கனடாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்தவர், கட்டக்கோடுகளுக்குப் பேர் போனவர். இவரும் கட்டம், அவரும் கட்டம், இவரும் பெண், அவரும் பெண், இருவரும் தனிமை விரும்பிகள். ஒப்பீடு தயார். வாங்குபவருக்கும் இது வசதி. தெரியாத பெயருக்கு அருகில் தெரிந்த விலை ஒன்று வந்து நின்றுகொள்கிறது. ஆனால் அசலில் இருவரும் எதிரெதிர்த் திசை. மார்ட்டினின் புகழ்பெற்ற கேன்வாஸ்கள் ஆறடிக்கு ஆறடி. அதற்கு முன்னால் நாம் நிற்கிறோம். அவருடைய பென்சில் கோடு பரப்பின் மேலேயே தங்கும், உள்ளே போகாது. நஸ்ரீனின் தாள் மேசை அளவு, அதன் மேல் நாம் குனிகிறோம். எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து அவருடைய கோடுகள் சாய்கின்றன, கட்டம் உடைகிறது, தாளுக்குள் ஓர் ஆழம் திறக்கிறது. ரயில் ஜன்னலிலிருந்து பார்க்கும்போது தந்திக்கம்பிகள் விரிந்து ஒன்றாகுமே, அப்படி ஒரு வேகம். மார்ட்டினிடம் அமைதி கிடைக்கிறது. நஸ்ரீனிடம் எனக்குக் கிடைப்பது தலைசுற்றல். கடைசிக் காலப் படங்களில் இரண்டு மூன்று மூலைவிட்டங்களைத் தவிர தாள் முழுக்க வெறுமை, எதன் மேல் நிற்கிறோம் என்றே தெரியாது.

அவருடைய புகைப்படங்களைப் பார்த்தால் இது எங்கிருந்து வந்தது என்று புரியும். வாழ்ந்த காலத்தில் அவர் அவற்றைக் காட்சிக்கு வைக்கவில்லை. பஹ்ரைன் பாலைவனம், கடல் தண்ணீர் பின்வாங்கிய மணல், தார்ச்சாலையில் வெள்ளைக் கோடு, ஃபதேபூர் சிக்ரியின் கல் முற்றம், தறியில் இழுத்துக் கட்டிய நூல்கள். எல்லாமே நடந்துகொண்டிருக்கும் ஒருவர் குனிந்தோ நிமிர்ந்தோ சட்டென்று எடுத்த கோணங்கள். அருவம் என்று நாம் சொல்வது அவருக்குத் தெருவில் கிடைத்திருக்கிறது. நியூ மெக்சிகோவுக்குப் போய் ஒப்பீடு தேட வேண்டிய அவசியமே இல்லை.

நோய் விஷயம் இன்னும் சங்கடமானது. நரம்பு மண்டலத்தைத் தாக்கி, உடல் அசைவுகளின் மேலிருந்த கட்டுப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பறித்த நோய் அவருக்கு இருந்தது. அந்த உடம்போடு இவ்வளவு துல்லியமாக வரைந்தார் என்பது உண்மை. அது யாரையும் ஒரு நிமிடம் பேச்சற்றவராக்கும். ஆனால் அதையே படங்களுக்கான விளக்கமாக மாற்றும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். நேர்கோடு, நடுங்கும் கைக்கு எதிரான வெற்றி ஆகிவிடுகிறது. நோயின் வாடையே இல்லாத படங்களையும் நாம் நோயாளியின் படங்களாகப் பார்க்கத் தொடங்குகிறோம். எழுபதுகளின் தொடக்கத்துக் கட்டங்களைக்கூட. நம் ஊரில் சீக்காளிக் கவிஞர்களுக்கு நடப்பதும் இதுதான், கவிதையைவிட மருத்துவமனைச் சீட்டை அதிகம் படிப்போம். துல்லியத்தின் மேல் நஸ்ரீனுக்கிருந்த பிடிவாதம் நோயைவிடப் பழையது. உடம்பு ஒத்துழைக்காதபோதும் அவர் அந்தப் பிடிவாதத்தை விடவில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம். அப்படிச் சொன்னால் படம் முதலில் வருகிறது, நோய் பின்னால் வருகிறது. கேட்டலாகில் வரிசை தலைகீழ், காரணம், சோகம் விலை போகும்.

தேதி இல்லாததும் சந்தைக்குத் தலைவலிதான். நஸ்ரீன் தன் படங்களில் மிகப் பலவற்றுக்குத் தேதி போடவில்லை. கிட் லாகில் நேரக்குறிப்பை யாரோ அழித்துவிட்ட மாதிரி. அதனால் நடையை வைத்து வரிசைப்படுத்துகிறார்கள். மையைப் பரவவிட்ட, செடிகொடி சாயல் தெரியும் படங்கள் என்றால் அறுபதுகள், கட்டம் என்றால் எழுபதுகளின் முற்பாதி, மூலைவிட்டம் என்றால் அதற்குப் பின், வில்வளைவும் வெறுமையும் என்றால் எண்பதுகள். மோட்டாவாகச் சரிதான். ஆனால் ‘சுமார் 1975’ என்று ஒருமுறை அச்சானால் அடுத்த ஏலத்தில் ‘சுமார்’ லேசாகிவிடும், அதற்கடுத்த கட்டுரையில் ஒருவர் 1975ஐ ஆதாரமாக எடுத்துக்கொண்டு பரிணாம வரைபடமே போட்டுவிடுவார். தேதி போடாத ஒருவர், என் படங்களை வளர்ச்சிக் கதையாகப் படிக்காதே என்று சொல்லியிருக்கலாம் என்பதற்கு அங்கே இடமே கிடையாது. ஒரு நாள் கட்டமும் மறுநாள் மூலைவிட்டமும் போட அவருக்கு உரிமை இல்லையா என்ன?

கேட்டலாகில் எனக்கு மிகப் பிடித்த பகுதி யாரும் படிக்காத பகுதி. நிலை அறிக்கை. கேட்டால் அனுப்புவார்கள். காகிதம் லேசாக அலையோடியிருக்கிறது, ஓரத்தில் பழுப்புப் புள்ளிகள், மூலைகளில் குண்டூசித் துளை, பழைய அட்டைச் சட்டத்தின் அமிலம் ஏறிய கோடு. இப்படித்தான் இருக்கும். ஒரு பெயரடை கூட இருக்காது. ‘ஆன்மிகம்’, ‘மௌனம்’, ‘வெளி’ எதுவும் வராது. ஆனால் இதை எழுதியவர் அந்தத் தாளைக் கையில் எடுத்து, புரட்டி, சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்து, அங்குலம் அங்குலமாகப் பார்த்திருக்கிறார். நம் ஓவிய விமர்சனத்தில் எத்தனை பேர் இதைச் செய்கிறோம்?

காகிதத்துக்கு இன்னொரு விதியும் உண்டு. எண்ணெய் ஓவியம் மாதிரி வருடம் முழுக்க வரவேற்பறையில் மாட்டி வைக்க முடியாது. அருங்காட்சியகங்கள் காகித வேலைகளுக்கு 50 லக்ஸ் அளவு மங்கல் வெளிச்சம்தான் கொடுக்கும், அதுவும் சில மாதம், பிறகு இருட்டில் ஓய்வு. காகிதம் கேன்வாஸைவிட விலை குறைவாகப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். காட்டிப் பெருமைப்பட முடியாத பொருளுக்கு யார் கொட்டிக் கொடுப்பார்கள்? நஸ்ரீனின் முதிர்ந்த படைப்பு ஏறத்தாழ முழுவதும் காகிதம். அவரை வாங்குகிறவர் நேர்மையானவராக இருந்தால் பெரும்பாலான நாள்கள் இழுப்பறைக்குள் வைத்திருக்க வேண்டும். எப்போதாவது எடுத்துப் பார்க்க வேண்டும், கவிதைப் புத்தகத்தை எடுத்துப் படிப்பது போல.

வெறும் நேர்கோடுகளைப் போலி செய்வது சுலபம் என்று யாருக்கும் தோன்றும். ஆகவே இந்தப் படங்களின் மதிப்பில் பெரும்பங்கு ‘யாரிடமிருந்து வந்தது’ என்ற வரியில் தொங்குகிறது. தன் படங்களை நண்பர்களுக்கும் உடன் வேலை செய்தவர்களுக்கும் கொடுத்தவர் நஸ்ரீன். ‘கலைஞரிடமிருந்து நேரடியாகப் பெறப்பட்டது’ என்று ஒரு வரி இருந்தால் ஏலத்தில் மதிப்பு கூடுகிறது. யாரோ ஒருவருக்கு ஒரு சாயங்காலம் சும்மா கொடுத்த தாள். அவரோ அவர் பிள்ளைகளோ நாற்பது வருடம் கழித்து விற்கிறார்கள். விற்பதில் தப்பொன்றும் இல்லை, வீட்டில் ஆயிரம் தேவை இருக்கும். அந்த நட்பே விலையின் ஒரு பகுதியாகிவிடுவதுதான் விசித்திரம்.

அதில் கலைஞருக்கு என்ன? சட்டப்படி ஏதோ இருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994ஆம் வருடத் திருத்தத்தில் 53ஏ என்றொரு பிரிவைச் சேர்த்தார்கள். ஓவியம், சிற்பம், கோட்டோவியம் இவற்றின் அசல் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை ஆனால் படைத்தவருக்கோ அவருடைய சட்டப்படியான வாரிசுக்கோ அந்த விலையில் பங்குண்டு, அதிகபட்சம் பத்து சதவீதம். பதிப்புரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாலும் இந்த உரிமை போகாது. பிரான்ஸில் இந்த மாதிரிச் சட்டம் 1920லேயே வந்துவிட்டது. நம் ஏலங்களில் வாங்குபவர் சுத்தியல் விலைக்கு மேல் நிறுவனத்துக்குக் கமிஷன் கொடுக்கிறார், அதன் மேல் வரி கொடுக்கிறார். விதிமுறைப் பக்கத்தில் இவை சதவீதத்தோடு தெளிவாக இருக்கும். நான் படித்த விதிமுறைப் பக்கங்களில் 53ஏ கண்ணில் படவில்லை. இன்னொன்று, அந்தப் பிரிவில் எழுத்தாளர்களின் கையெழுத்துப் பிரதிகளும் சேர்த்தி. நம் பெரிய எழுத்தாளர்களின் நோட்டுப் புத்தகங்கள் எந்தப் பரணில் இருக்கின்றன என்று தெரியாத ஊரில் இதைச் சொல்லி என்ன பயன் என்றும் தோன்றுகிறது.

லாட் விற்றுவிட்டது. மதிப்பீட்டைத் தாண்டி. யார் வாங்கினார்கள் என்று வெளியில் சொல்ல மாட்டார்கள், அருங்காட்சியகமாக இருந்தால் எப்போதாவது மறுபடி பார்க்கலாம். ஏலத்துக்கு முன்பே பெரிய அளவுப் படம் கிடைக்குமா என்று கேட்டு எழுதியிருந்தேன், அனுப்பியிருந்தார்கள். எஞ்சினியரிங் டிராயிங்கில் கீழ் வலது மூலைக் கட்டத்தில் ஸ்கேல் எழுதாவிட்டால் மதிப்பெண் போய்விடும். கேட்டலாகில் நீள அகலம் இருக்கிறது, ஸ்கேல் இல்லை. ஒன்றுக்கு ஒன்று அளவில் ஒருமுறையாவது பார்த்துவிடலாம் என்று கட்டட பிளான் பிரிண்ட் போடும் கடைக்கு எடுத்துப் போனேன். ஏ1 தாள், பெரிய பிளாட்டர். ஓரத்தில் அவர்கள் வழக்கமாகச் செய்யும் ‘ஃபிட் டு பேஜ்’ வேண்டாம், நூறு சதவீதம் வைங்க என்று இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. தாள் மெதுவாக இறங்கி வந்தது. கடைப்பையன் அதை விரித்து, தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

“சார், இது எலிவேஷனா, பிளானா?” என்று கேட்டான்.